பழுதாகும் பண்டமும் களஞ்சியக் கணக்கும்

மலையகத்தில் அறுவடை செய்யப்படும் கோவா, கரட், லீக்ஸ் போன்ற மரக்கறிகள் சாக்குகளில் திணிக்கப்பட்டு, லொறிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கொண்டுவரப்படுகின்றன. அடியிலுள்ள சாக்கு நசுங்குகின்றது. நடுவிலுள்ளது வெப்பத்தால் அவிகின்றது. இலங்கையில் மரக்கறி, பழ வகைகளின் அறுவடைக்குப் பிந்திய இழப்பு 30 முதல் 40 வீதம் வரை என நீண்டகாலமாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. இந்த இழப்பைத் தலைவிதி என ஏற்றுக்கொண்டு வியாபாரம் நடத்துவதா, அல்லது கணக்கிட்டுக் குறைப்பதா என்பதே நம்முன் உள்ள கேள்வியாகும்.

ஒரு தடவையில் எவ்வளவு பொருளைக் கொள்வனவு செய்வது இலாபகரமானது என்பதற்கு 1913 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான போர்ட் விட்மன் ஹரிஸ் ஒரு சூத்திரத்தை வகுத்தார். அடிக்கடி சிறுகச் சிறுக வாங்கினால் போக்குவரத்துச் செலவு கூடும். மொத்தமாக வாங்கிக் குவித்தால் களஞ்சியச் செலவு கூடும். இவ்விரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் அளவே உகந்த கொள்வனவு அளவாகும். ஆனால், வந்து சேரும் பொருள் அனைத்தும் நல்ல பொருளே என்ற எடுகோள் இச்சூத்திரத்தில் மறைந்திருந்தது.

இக்குறையை ஆராய்ந்தவர்கள் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். உற்பத்தி நீள நீள இயந்திரம் சீர்கெட்டுப் பழுது பெருகுமாயின் சிறு தொகுதிகளே சிறந்தவை என 1986 இல் ரோசன்பிளாட், லீ ஆகியோர் காட்டினர். பழுதான பொருளைப் பரிசோதித்துப் பிரித்து, குறைந்த விலைக்கு உடனே விற்றுவிட முடியுமாயின் கொள்வனவு அளவு சற்றுக் கூடலாம் என 2000 ஆம் ஆண்டில் சலாமே, ஜாபர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பழுது எதனால் உண்டாகின்றது, பழுதானது எங்கே போகின்றது என்பவற்றை அறியாமல் எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிக்க முடியாது என்பதே இவை தரும் பாடமாகும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கிலோ 100 ரூபாவுக்கு வாங்கிய மரக்கறியில் 30 வீதம் அழுகிவிட்டால், விற்கக்கூடிய ஒவ்வொரு கிலோவின் அடக்கவிலை ஏறத்தாழ 143 ரூபாவாகின்றது. இழப்பை 10 வீதமாகக் குறைத்தால் அது 111 ரூபாவாகும். அதாவது, வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 28 ரூபா வரை மேலதிகமாகப் பொதியிடலுக்கும் குளிரூட்டலுக்கும் செலவிட்டாலும் வியாபாரிக்கு நட்டமில்லை. இன்று அந்தப் பணத்தை விவசாயி குறைந்த விலையாகவும் நுகர்வோர் கூடிய விலையாகவும் செலுத்துகின்றனர்.

செலவு இத்துடன் முடிவதில்லை. அழுகிய மரக்கறிக்காகச் செலவான நீர், பசளை, எரிபொருள் யாவும் வீணாகின்றன. குப்பைமேட்டில் காற்றின்றி மட்கும்போது வெளியாகும் மெதேன் வாயு, 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்றும் ஆற்றல் கொண்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. எனவேதான் பண்டங்களின் கையிருப்பைக் கணக்கிடும் இன்றைய ஆய்வாளர்கள், பணச் செலவுடன் காபன் வெளியேற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர்.

தீர்வு வெறும் சட்டத்தால் மட்டும் வந்துவிடாது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில் கொண்டுசெல்வதைக் கட்டாயமாக்க அரசாங்கம் முற்பட்டபோது விவசாயிகளும் வியாபாரிகளும் வீதியில் இறங்கினர். அவர்களது எதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. கூடை வாங்கப் பணம் வேண்டும். ஒரு லொறியில் ஏற்றும் அளவு குறையும். வெற்றுக் கூடைகளைத் திருப்பி அனுப்பவும் செலவாகும். பயன் முழுச் சங்கிலிக்கும் கிடைக்கையில் செலவை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தினால் எந்தத் திட்டமும் நிலைக்காது.

ஆகவே, கூடைகளைத் தனியாட்கள் வாங்குவதற்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கங்களும் சந்தை நிர்வாகங்களும் வாடகைக்கு வழங்கலாம். தோட்டத்திலேயே தரம் பிரித்தால் பழுதானது லொறியில் ஏறாது. இரண்டாந் தரமானது ஊறுகாய்க்கும் உலர்த்தலுக்கும், எஞ்சியது கால்நடைத் தீவனத்துக்கும் கூட்டெருவுக்கும் செல்லலாம். சிறு வியாபாரிகள் ஒரே லொறியைப் பகிர்ந்துகொண்டால், போக்குவரத்துச் செலவு கூடாமலே சிறுகச் சிறுக வாங்கவும் முடியும். கடையில் முதலில் வந்தது முதலில் விற்கப்பட வேண்டும் என்பதுடன், நாளாந்தம் எவ்வளவு வீசப்பட்டது என்பதும் கணக்குப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும்.

வரவும் செலவும் எழுதும் நமது வியாபாரிகள் பலர், வீசப்பட்டதை எழுதுவதில்லை. எழுதப்படாத நட்டம் குறைக்கப்படுவதுமில்லை. அந்தக் கணக்கை எழுதத் தொடங்குவதற்குச் சட்டமோ முதலீடோ தேவையில்லை; ஒரு பேனையே போதுமானது.