கோட்டையும் சுரங்கமும்: கோண்வால் கரையோரச் சின்னங்கள் பற்றிய ஒரு குறிப்பு

தொல்சின்னங்கள் தாமாகப் பேசுவதில்லை. எக்கட்டடம் பேணப்பட வேண்டும், அதன்முன் நிற்போர் யாரை நினைவுகூர வேண்டும் என்பனவற்றை அவ்வக்காலத்து ஆதிக்க வர்க்கத்தின் கருத்துநிலையே பெரிதும் தீர்மானிக்கின்றது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் அமைந்த கோண்வாலின் பாறைக் கரையோரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அங்குச் செல்வோர் வடகரையில் ரின்ராஜெல் கோட்டையையும், மேற்கு முனையை அண்டிப் பொட்டலக், லெவன்ற் சுரங்கங்களின் சிதைவுகளையும் காண்பர்.

ரின்ராஜெலில் கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளுக்குரிய மத்தியதரைக் கடற்பகுதி மட்பாண்டங்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றுக்கு மாற்றாகச் சென்ற பொருள்களுள் வெள்ளீயம் முக்கியமானதென ஆய்வாளர் கருதுவர். ஆயின் அவ்விடத்தின் புகழுக்குக் காரணம் வணிகமன்று, கதையே. ஏறத்தாழ 1136இல் மொன்மத் ஊரினரான ஜெப்ரி எழுதிய நூல், ஆர்தர் மன்னன் அங்கே கருக்கொண்டதாகக் கூறிற்று. மூன்றாம் ஹென்றியின் தம்பியான ரிச்சட் 1233இல் அந்நிலத்தைப் பெற்றுக் கோட்டை எழுப்பினான். படைத்துறைப் பயன் மிகக் குறைந்த அவ்விடத்தை அவன் தெரிந்தமைக்கு அக்கதையின் பெருமையே காரணம் எனலாம். நிலமானியத் தலைவன் ஒருவன் பழைய வீரமரபைத் தனதாக்கித் தன் அதிகாரத்துக்கு நியாயம் தேடினான். தெனிசனின் ஆர்தர் காவியம் 1859இல் வெளிவரத் தொடங்கியபோது, அதே கதை முதலாளித்துவ யுகத்தின் இரசனைக்கும் உரியதாயிற்று.

அக்காலத்திலேயே பொட்டலக்கில் தொழிலாளர் கடலுக்கு அடியிற் குடைந்து செம்பும் வெள்ளீயமும் எடுத்தனர். பெண்களும் சிறுவரும் நிலத்தின்மேல் தாதுக்கல்லை உடைத்தனர். 1866இன் நெருக்கடியோடு செம்புத் தொழில் சரியவே, சுரங்கத் தொழிலாளர் பல்லாயிரவர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காக்களுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் புலம்பெயர்ந்தனர். லெவன்ற் சுரங்கத்தில் தொழிலாளரை ஏற்றியிறக்கிய பொறி 1919 ஒக்டோபர் 20ஆம் நாள் முறிந்து வீழ்ந்தது. 31 பேர் மாண்டனர். அப்பொறி மீள அமைக்கப்படவில்லை. 1930இல் சுரங்கமே மூடப்பட்டது.

கோண்வாலின் இறுதி வெள்ளீயச் சுரங்கமான சவுத் குரொப்டி 1998இல் மூடப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின், 2006இல், இச்சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. உழைப்பின் தடங்களும் பேணத்தக்கன என ஒப்புக்கொண்ட வகையில் இது முற்போக்கானதே. எனினும் உழைப்பு ஓய்ந்த பின்னரே உழைப்புக்களம் மரபுரிமையாயிற்று என்னும் முரண்பாடு நோக்கற்பாலது. அலைகளின் மேலே தனித்து நிற்கும் இயந்திரக் கட்டடம் இன்று அழகிய காட்சி; அதன் புகைபோக்கி அன்று கக்கிய புகையை நிழற்படம் காட்டாது.

ஆதலால் இச்சின்னங்களை நோக்குவோர் கட்டுவித்தவன் பெயரோடு அமைதல் போதாது. கல் சுமந்தவர் யார், அதன் பயன் எவரைச் சேர்ந்தது என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். கோட்டையின் வரலாறு கதையால் நிறைந்துள்ளது. சுரங்கத்தின் வரலாறோ இன்னும் பெயர்களுக்காகக் காத்திருக்கின்றது. அப்பெயர்களை மீட்பது வரலாற்று ஆய்வின் கடமையாகும்.