பூனை மீது விழுந்த பழி

அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களில் எலிக்காகவாவது பூனை வேண்டும். அதன் மலம் விழுந்த மண் கீரையோடு ஒட்டி அடுப்படிக்கு வந்தால், டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் கூடவே வரக்கூடும். சரியாக வேகாத இறைச்சி அதற்கு இன்னொரு வழி. உள்ளே நுழைந்ததைப் பெரும்பாலோர் அறிவதேயில்லை. தசையிலும் மூளையிலும் நுண்ணிய கட்டிகளாக அடங்கி, அது ஆயுள் முழுதும் கிடக்கும். ஆகவே அது விழித்தெழுந்தால் வரும் மூளை நோயின் வரலாறு பூனையின் வரலாறு அல்ல, உடலின் காவல் தளர்ந்த வரலாறு என்பேன். 1908இல் தூனிசில் நிக்கோலும் மான்சோவும் ஒரு கொறிணியில் இந்த உயிரியைக் கண்டு, அதன் வளைந்த உருவுக்காக வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள். பூனைக்கும் அதற்கும் உள்ள உறவு தெளிவானது 1970இல்தான். வளர்ந்தவர்களின் மூளையைத் தாக்கும் நோயாக அது பரவலாகத் தெரிந்ததோ 1980களில், எயிட்ஸ் வந்த பிறகு. ஒட்டுண்ணி மாறவில்லை, அதை அடக்கி வைத்திருந்த வெள்ளணுக்கள்தான் குறைந்தன.

தமிழர் வாழும் மண்ணில் எயிட்ஸின் அந்தக் காலம் 1986இல் தொடங்கிற்று. சென்னையில் மருத்துவர் சுனிதி சொலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. 1928இல் காசநோய்க்கென எழுந்த தாம்பரம் சானடோரியம், 1990களில் எச்.ஐ.வி. நோயாளர்களின் பெரும் புகலிடமாயிற்று. தலையிடி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் விழுதல் என்று வருபவரின் மூளையில் இருப்பது காசக்கட்டியாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஸ்கானில் இரண்டுமே வளையமாகத் தெரியலாம். சிடி4 என்ற அந்த வெள்ளணுக்கள் நூற்றுக்குக் கீழே இறங்கியவருக்கு மருத்துவர் முதலில் ஒட்டுண்ணிக்கான மருந்தைக் கொடுத்து இரண்டு வாரம் பார்ப்பது அதனால்தான். கட்டி சுருங்கினால் விடை கிடைத்துவிடும்.

பூனையை விரட்டினால் போதாதா என்பார்கள். போதாது. பூனை இதன் முட்டைகளைக் கழிப்பது, தொற்றிய பின் சில வாரங்கள் மட்டுமே. மூளை நோயில் பெரும்பாலானவை முன்னரே உள்ளே கிடந்த கட்டிகள் விழித்தெழுந்தவை. இன்னும் தொற்றாத, எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவர் கீரையைக் கழுவுவதும் இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் அவசியம்தான். ஆனால் படுக்கையில் கிடப்பவரை அது எழுப்பாது. எச்.ஐ.வி. நோயாளர்களுக்கு நிமோனியாவைத் தடுக்கக் கொடுத்த கோட்ரைமொக்சசோல் என்ற மலிவான மாத்திரை இந்த நோயையும் தடுப்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. 2004 ஏப்ரலில் இந்தியா எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. அந்த மருந்தால் சிடி4 இருநூற்றைத் தாண்டி மாதக்கணக்கில் நிலைத்தால் அந்த மாத்திரையையும் நிறுத்திவிடலாம். ஒட்டுண்ணியின் நுண்ணிய கட்டிகள் அப்போதும் மூளையில்தான் இருக்கும்.