சப்பாத்து அணிந்த பூனையும் கதிர் அறுப்போரும்

ஐரோப்பியக் கதைமரபிலே பூனை பெறும் இடத்தை ஆராயப் புகுவோர் ‘சப்பாத்து அணிந்த பூனை’யைத் தவிர்த்துச் செல்லவியலாது. தந்திரமுள்ள விலங்கொன்று ஏழை எசமானை உயர்த்திய வேடிக்கைக் கதையாகவே அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. எனினும் அதன் வடிவங்களை வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, நிலம் யாருக்கு உரியது என்னும் வினா அதனுள் பொதிந்திருத்தலைக் காணலாம்.

பதினாறாம் நூற்றாண்டு வெனிசில் வெளிவந்த ஸ்ட்ராபரோலாவின் தொகுதியிலும், 1634இல் வெளிவரத் தொடங்கிய பசீலேயின் நேப்பிள்ஸ் மொழித் தொகுதியிலும் வருவது பெண்பூனை. அது சப்பாத்து அணிவதில்லை. பசீலேயின் முடிவு கசப்பானது. பூனையால் செல்வனானவன், அது இறந்ததுபோற் கிடந்தபோது, சன்னலால் எறிந்துவிடுமாறு கூறுகிறான். உழைத்தவருக்குக் கிடைக்கும் நன்றி இதுவே.

பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேரின்கீழ்ப் பணியாற்றிய சார்ள்ஸ் பெரோ, 1697இல் இக்கதையை அரசவைச் சுவைக்கேற்ப மாற்றினார். அவரது பூனை முயலையும் கௌதாரியையும் பிடித்து எசமானின் பெயரால் அரசனுக்கு அளிக்கிறது. அக்காலப் பிரான்சிலே வேட்டை பிரபுக்களின் தனியுரிமை. 1789 ஆகஸ்ட் மாதத்திலேயே அது ஒழிக்கப்பட்டது. ஆகவே, அக்காணிக்கை மாவரைப்போனின் மகனைப் பிரபுவாக அறிவிக்கும் செயலாகும். அடுத்து, புல்வெட்டுவோரையும் கதிர் அறுப்போரையும் பூனை வெருட்டுகிறது: வயல்கள் தன் எசமானுடையவை எனக் கூறாவிடின் அவர்கள் கொத்தி நறுக்கப்படுவர். அவர்கள் அவ்வாறே கூறுகின்றனர். உண்மையில் அந்நிலம் ஓர் அரக்கனுடையது. எலியாக உருமாறிய அரக்கனைப் பூனை விழுங்க, நிலம் கைமாறுகிறது. அறுப்போர் நிலை மாறவில்லை. பூனையோ பிரபுவாகி, பொழுதுபோக்கிற்கு மட்டுமே எலி பிடிக்கிறது. பசீலேயிடம் கைவிடப்பட்ட ஏவலர், பெரோவிடம் ஆளும் வர்க்கத்துள் உள்வாங்கப்படுகிறார்.

திரையில் இவ்வுறவுகள் மங்குகின்றன. 1922ஆம் ஆண்டின் டிஸ்னி குறும்படத்திலே, இளைஞனின் காதலுக்கு உதவும் பூனை சப்பாத்தையே கூலியாகக் கேட்கிறது. 2011இல் வெளிவந்த ஹொலிவூட் படத்திலே பூனையே சாகச வீரன். மாவரைப்போனின் மகனும் இல்லை, கதிர் அறுப்போரும் இல்லை.

ஆசிரியரின் அரசியற் சார்பையும் மீறி யதார்த்தம் வெளிப்படலாம் எனப் பால்சாக் குறித்து எங்கெல்ஸ் 1888இல் காட்டியது பெரோவுக்கும் ஓரளவு பொருந்தும். உடைமை அச்சுறுத்தலால் நிலைநாட்டப்படுவதை அரசவை சார்ந்த அவர் எழுதிவைத்தார். வணிகத் திரைப்படம் அதனை நீக்கிவிட்டது. குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்லும் நாம், வயலில் நின்ற அம்மனிதரை மறவாது சொல்லுதல் வேண்டும்.