வெளிச்சம் படாத வெயில்

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை என்றால் காய்தான். காய்க்காகவே வளர்க்கிற மரம். கவாத்து செய்யும்போது கழியும் கீரை ஆட்டுக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அப்படி வெட்டிய கிளையின் கீரை, பொடியாகி டப்பாவுக்குள் போகிற வழியைச் சொல்கிறேன்.

முதல் ஆபத்து குவியல். வெட்டிய பிறகும் இலை மூச்சு விடுகிறது. மூட்டை கட்டிப் போட்டால் உள்ளே சூடேறி மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வெட்டிய காலையிலேயே ஈர்க்கோடு அலசி, உதறி, கொடியில் தொங்கவிட வேண்டும். நீர் வடிந்த பிறகே உருவுவது.

பாட்டிமார் முருங்கைக்கீரையை நிழலில்தான் உலர்த்துவார்கள். நேர் வெயிலில் பச்சை வெளுக்கும். கண்ணுக்கு நல்லதென்று நாம் தேடுகிற பீட்டா கரோட்டினும் சிதையும். ஆனால் நிழலில் சில நாள் பிடிக்கும், காற்றில் ஈரமிருந்தால் பூசணம் முந்திக்கொள்ளும். வெயிலின் சூடு வேண்டும், ஒளி வேண்டாம். இதற்காகத்தான் வீட்டிலேயே ஒரு பெட்டி செய்கிறோம்.

பெட்டி இரண்டு பாகம். தெற்கு பார்த்துச் சாய்ந்த, ஆழமில்லாத ப்ளைவுட் பெட்டி ஒன்று. உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்த தகரம், மேலே கண்ணாடி. அடிவாயில் நுழையும் காற்று சூடேறி மேலேறி, அதன் தலைமாட்டில் நிற்கும் இருட்டு அலமாரிக்குள் போகும். அங்கே நைலான் வலை கட்டிய தட்டுகள். உச்சியில் ஈரக்காற்று வெளியேற ஒரு வாய். ஈ புகாமல் இரு வாய்க்கும் வலை. மின்விசிறி கிடையாது.

சூட்சுமம் சாய்வில் இருக்கிறது. நம் ஊர் ஏறக்குறைய 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், கண்ணாடி கிட்டத்தட்ட படுத்திருந்தால்தான் ஆண்டு முழுக்க வெயில் நன்றாக விழும். ஆனால் படுத்த பெட்டியில் காற்று ஏறாது. 25 பாகை வரை தூக்கிவிடுங்கள் என்பேன். கொஞ்சம் வெயில் போகட்டும். நமக்கு அது பஞ்சமில்லை, ஓட்டம்தான் முக்கியம்.

கீரையை மெல்லப் பரப்ப வேண்டும். சதுர மீட்டருக்கு 1 கிலோ போதும். தொடக்கத்தில் வெப்பமானி ஏறவே ஏறாது. வருகிற சூட்டையெல்லாம் இலையின் நீர் ஆவியாகத் தின்றுவிடுகிறது. பொறுமையிழந்து உச்சி வாயை அடைத்தால் ஈரம் உள்ளேயே சுற்றும். நீர் குறைந்ததும் சூடு சட்டென்று ஏறும். அப்போதுதான் பக்கத்தில் இருக்க வேண்டும். 55 டிகிரியைத் தாண்டவிடாமல் வாயை இன்னும் அகலத் திறக்கலாம். புதுக்காற்றை முதலில் வாங்கும் கீழ்த்தட்டு முந்திக் காயும் என்பதால் இடையில் தட்டுகளை மாற்ற வேண்டும். மாலைக்குள் காயாவிட்டால் இரு வாயையும் மூடிவிடுங்கள், இல்லையேல் இரவுக்காற்றின் ஈரத்தை இலை திரும்பக் குடித்துவிடும்.

கையில் நொறுக்கினால் சரசரவென்று உடைய வேண்டும். 1 கிலோ கீரை ஏறக்குறைய கால் கிலோவாகியிருக்கும். அரைத்துச் சலித்த பொடியைக் கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் அங்கேயும் வெளிச்சம் அதைக் கெடுக்கும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்து, பருப்பை இறக்கிய பிறகு ஒரு கரண்டி கலந்துகொள்ளலாம்.