புகையிரதம் ஏறிய பத்திரிகை

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தாமே நடத்திய முதற் பத்திரிகையான 'பிறீடம்ஸ் ஜேர்னல்' 1827 மார்ச் 16 ஆம் நாள் நியூயோர்க்கில் வெளிவந்தது. அம்மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முடிவுற அப்பொழுது இன்னும் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தன. சாமுவேல் கோர்னிஷ், ஜோன் ரஸ்வேர்ம் ஆகிய இருவர் தொடக்கிய அவ்வேடு இரண்டாண்டுகளே நிலைத்தது. ஆயினும் அதன் வழியிற் பல ஏடுகள் தோன்றின.

பத்திரிகையை அச்சிடுவதிலும் பார்க்க, வாசகர் கையிற் சேர்ப்பதே பெரும்பாடு. வார ஏடு நடத்துவோர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை நாம் 'சிக்காகோ டிபென்டர்' வரலாற்றிலே தெளிவாகக் காண்கிறோம். 1905 இல் ரொபேர்ட் அபொட் என்பவர் 25 சத முதலுடன் இதனைத் தொடங்கினார். முதல் இதழ் 300 பிரதிகள் மட்டுமே.

தென் மாநிலங்களில் வெள்ளையர் கும்பல்கள் புரிந்த கொலைகளை இப்பத்திரிகை மறையாது எழுதியது. அதனால் அங்கு பல ஊர்களில் அதனை விற்பதே ஆபத்தாயிற்று. 1892 இல் மெம்பிஸ் நகரில் ஐடா வெல்ஸ் அம்மையாரின் பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் அழித்திருந்தது. ஆகவே இது வெறும் அச்சமன்று. அபொட்டுக்குக் கைகொடுத்தோர் புல்மன் கம்பனியின் படுக்கைப் பெட்டிகளிற் பணிபுரிந்த கறுப்பின ஊழியர்களே. சிக்காகோவிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதங்களில் அவர்கள் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுசென்று சேர்ப்பித்தனர். சிகையலங்கார நிலையங்களிலும் தேவாலயங்களிலும் ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்தறியாதோரும் கேட்டனர்.

பரபரப்பான தலைப்புகளும், சருமத்தை வெளுப்பாக்கும் களிம்பு விளம்பரங்களும் அதிலே நிறைந்திருந்தன என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். இனப் பெருமை பேசிய ஏட்டுக்கு அவ்விளம்பரங்கள் அழகல்ல. ஆனால் 1916 தொடக்கம் அது வடக்கே வருமாறு மக்களை அழைத்தது, வேலைவாய்ப்புகளை அறிவித்தது. 1970 வரையான காலத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் தெற்கை விட்டு அகன்றனர்.

2019 ஜூலையுடன் 'டிபென்டர்' அச்சில் வெளிவருவது நின்றது. புறப்படத் துடித்தோர் எழுதிய கடிதங்களை எமெற் ஸ்கொற் 1919 இல் தொகுத்து வெளியிட்டார். அவற்றுட் பல இப்பத்திரிகைக்கு வந்தவை. வேலை கிடைக்குமா, பயணச்சீட்டு அனுப்புவீர்களா என அவர்கள் வினவினர். சிலர் தம் கடிதத்தைப் பத்திரிகையில் போட்டுவிட வேண்டாம் என்றும் மன்றாடினர்.