மதுரை மஹாலும் மாலை ஒளிக்காட்சியும்

மதுரைமாநகரத்திலே திருமலை நாயக்கர் மஹால் என வழங்கும் மாளிகை 1636-ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்றது. இன்று எஞ்சி நிற்பது அதன் நாலிலொரு பாகமே என்பர். 1623 முதல் 1659 வரை அரசுபுரிந்த திருமலை மன்னர், தமது இராஜதானியைத் திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்கு மாற்றிக்கொண்டு, ஸ்வர்க்க விலாஸம், ரங்க விலாஸம் முதலிய பல கட்டுகளுடன் இதனை அமைத்தனர்.

முத்துப்பேட்டையிலிருந்து நம் சங்கத்துக் குடும்பத்தார் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். முற்றத்தைச் சூழ்ந்த தூண்களுள் ஒன்றைப் பிள்ளைகள் மூவர் கைகோத்து அணைக்க முயன்றும் கைகள் கூடவில்லை. சுண்ணாம்புக் காரையை அத்துணை வழவழப்பாக மெருகேற்றிய கொற்றர்களின் பெயரை எவரும் எழுதி வைத்தாரில்லை. மன்னர் பெயர் மட்டும் நிலைத்தது.

பொழுது சாய்ந்தபின் முற்றத்திலே ஒலி ஒளிக் காட்சி நடைபெற்றது. நடிகர் ஒருவரும் தோன்றுவதில்லை. விளக்குகள் அணைய, இருளிலிருந்து குரல்கள் எழும். பேசுவோர்க்கு ஏற்பத் தூண்களும் வளைவுகளும் செம்மையும் நீலமும் பொன்னிறமுமாக மாறும். மன்னர் வரலாற்றுடன் சிலப்பதிகாரக் கதையும் கூறப்படும். அக்கதை நிகழ்ந்த காலத்துக்கும் இம்மாளிகைக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆயினும் நம்மவர்க்கு அது அயலார் கதையன்று. காவிரி கடலொடு கலக்கும் புகாரிலே பிறந்தவரன்றோ கோவலனும் கண்ணகியும்! காவிரிக் கரைவழியே நடந்து மதுரை புகுந்தார். தீர விசாரியாத ஓர் ஆணையால் ஒருவன் மடிந்தான். கண்ணகியின் குரல் முற்றமெங்கும் எதிரொலித்தபோது நம்முடன் வந்த பெண்மக்கள் கண்ணீர் வடித்தனர். இதே மாளிகை பிற்காலத்தில் நெடுநாள் ஜில்லா நீதிஸ்தலமாக இருந்தது என்பதை நாம் அப்போது நினைத்துக்கொண்டோம்.

எனினும் இச்சுவர்களுக்கே உரிய துயரக்கதை ஒன்று உண்டு. அதனைப் பெரியோர் தம் மக்களுக்கு முன்னரே சொல்லி அழைத்துச் செல்லவேண்டும் என்பது நம் கருத்து. ஏனெனில் அதிலே தஞ்சைநாட்டின் வீழ்ச்சியும் அடங்கியுள்ளது. திருமலை மன்னர்க்குப்பின் அவர் மகன் சில மாதங்களே ஆண்டு மறைய, 1659-இல் பேரர் சொக்கநாத நாயக்கர் பட்டம் எய்தினர். அவர் இராஜதானியை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியதோடு அமையாமல், பாட்டனார் எடுத்த மாளிகையைப் பிரித்து அதன் அலங்காரப் பொருள்களையும் மரவேலைகளையும் அங்கே கொண்டுசென்றனர் என்பது வரலாறு. பகைவர் படையெடுத்து இடித்ததன்று. சொந்தப் பேரர் பிரித்தது.

அதே சொக்கநாதர்தாம் 1673-இல் தஞ்சையின்மீது படையெடுத்தவர். அப்போது தஞ்சையை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். நம் ஊருக்கு வடக்கேயுள்ள மன்னார்குடி இராஜகோபாலஸ்வாமி கோயிலுக்குப் பெருந்திருப்பணி செய்த அம்மன்னரை நம் பக்கத்தார் நன்கு அறிவர். முதியவராகிய அவர் போர்முனையிலே மைந்தருடன் மடிந்தனர். அரண்மனைப் பெண்டிர் பகைவர் கையில் அகப்படாவண்ணம் வெடிமருந்தால் மாய்ந்தனர் என்று நூல்கள் கூறும். பெண்கொடை மறுத்ததே போருக்குக் காரணம் என்பாருமுளர். வென்றவர்க்கேனும் நன்மை விளைந்ததா? தஞ்சையில் சொக்கநாதர் அமர்த்திய அழகிரி என்பார் அவருக்கே அடங்காது போயினர். சில ஆண்டுகளுக்குள் மராட்டிய ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டனர். மதுரைக்கும் தஞ்சை தங்கவில்லை; தஞ்சை நாயக்கர்க்கும் குலம் நிலைக்கவில்லை.

பாழடைந்து கிடந்த மஹாலைப் பின்னர்ப் பழுதுபார்க்கச் செய்தவர், 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு. அவர் கருத்துச் செலுத்தியிராவிடின் ஒளி பாய்ச்சுதற்கு இன்று தூண்களே இரா.

மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் காட்சியை மட்டும் கண்டு திரும்பிவிடுதல் வேண்டா. விளக்குத்தூணுக்கு அருகே பத்துத்தூண் சந்து என ஒன்று உள்ளது. அங்கே ஜவுளிக் கடைகளின் நெருக்கடியிலே, நாயக்கர் அரண்மனையின் பழந்தூண்கள் மேற்கூரையின்றித் தனித்து நிற்கின்றன. பகலிலேயே அவற்றைக் கண்டுகொண்டு மாலையில் மஹாலுக்குச் செல்லுதல் நலம்.