கான்ஸ்டபிளின் நிலக்காட்சி ஓவியமுறை

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837), திறந்த வெளியில் விரைந்து தீட்டிய சிறு குறிப்புச் சித்திரங்களைத் துணைகொண்டு, லண்டனிலிருந்த தமது சித்திரசாலையில் ஆறடி அகலமுள்ள பெரிய கித்தான்களைப் பூர்த்தி செய்த முறை, ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் போக்கையே மாற்றிய முறைகளுள் ஒன்றாகும்.

சஃபோக் பிரதேசத்தில் கிழக்கு பெர்கோல்ட் என்னும் கிராமத்தில், தானிய ஆலைகளுக்கும் சரக்குப் படகுகளுக்கும் சொந்தக்காரரான ஒருவரின் புதல்வராய்ப் பிறந்த அவர், இளமையில் சிறிது காலம் ஆலைத் தொழிலையே மேற்கொண்டிருந்தார். காற்றாலைக்காரனுக்கு ஆகாயத்தைப் பார்ப்பது ரசனையன்று, ஜீவனம். பிற்காலத்தில் மேகங்களை அவர் நோக்கிய கூர்மைக்கு வித்து இங்கேதான் விழுந்தது எனலாம். 1799-இல் லண்டன் ராயல் அகாதமியின் கலாசாலையில் சேர்ந்தபோது, நிலக்காட்சி என்றால் கிளாட் லொரேன் முதலிய பழைய ஆசிரியர்களின் பழுப்பேறிய சாயலில் அமையவேண்டும் என்ற சம்பிரதாயமே ஓங்கியிருந்தது. பழம்பிடிலின் பழுப்பு நிறமே படம் முழுவதற்கும் ஆதாரமாக வேண்டுமென்று கலைப் புரவலர் சர் ஜார்ஜ் போமன்ட் வற்புறுத்த, கான்ஸ்டபிள் மறுமொழி கூறாமல் ஒரு பிடிலை எடுத்துப் பசும்புல்தரையின்மேல் வைத்துக் காட்டினார் என்று அவரது சரிதத்தை எழுதிய லெஸ்லி குறிப்பிடுகிறார்.

வெளியிற் சென்று தைலவர்ணத்தில் தீட்டும் வழக்கத்தை அவர் தோற்றுவித்தாரல்லர். ஒளி மாறிக்கொண்டேயிருப்பதால் இத்தகைய பயிற்சியை இரண்டு மணி நேரத்துக்குமேல் நீட்டலாகாது என்று பிரெஞ்சு ஓவியர் வலான்சியென் 1800-இலேயே எழுதியிருந்தார். ஆயினும் வலான்சியென் முதலியோர் இவ்வழக்கத்தைக் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சியாகவே கொண்டிருக்க, கான்ஸ்டபிளோ அதையே தம் கலையின் அஸ்திவாரமாக்கிக்கொண்டார். வர்ணப்பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியில் பொருத்திய சிறு காகிதத்திலோ அட்டையிலோ தீட்டுவார். முன்கூட்டிப் பூசிய பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு அடிநிறம் தூரிகைக் கோடுகளுக்கிடையே தெரியும்படி விட்டுவிடுவார். 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டிலிருந்து ஆகாயத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு தீட்டிய சித்திரங்கள் பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றை ஒரு வானிலை ஆய்வாளரைப்போல் குறித்துவைத்தார். இத்தகைய ஆகாயப் படங்கள் ஏறத்தாழ 50 தீட்டியதாக 1822-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவரே கூறுகிறார்.

இவ்வளவு சிரத்தையுடன் சேர்த்தவற்றைப் பெரிய படமாக விரிக்கும்போதுதான் உண்மையான சங்கடம் எழுந்தது. சிறு காகிதத்தில் ஒரே மூச்சில் விழுந்த ஒளியும் ஈரமும் ஆறடிக் கித்தானுக்கு ஏறும்போது வறண்டுபோவது ஓவியர் யாவரும் அறிந்த துன்பம். அவர் தீட்ட விரும்பிய சொந்த ஊர்ப்பக்கத்து ஸ்டூர் நதியோ லண்டன் ஜன்னலுக்கு வெளியே ஓடவில்லை. இதற்கு அவர் கண்ட உபாயம் மிகுந்த செலவும் உழைப்பும் வேண்டுவது: முடிவான படத்தின் அளவிலேயே மற்றொரு கித்தானில், அகன்ற தூரிகையாலும் வர்ணக்கத்தியாலும் முதலில் ஒரு முன்வரைவைத் தீட்டி, ஒளி நிழல்களின் பெரும்போக்கைத் தீர்த்துக்கொண்ட பின்னரே அசற்படத்தைத் தொடங்குவது. 1819-இல் காட்சிக்கு வைத்த ‘வெள்ளைக் குதிரை’யே இவ்வரிசையில் முதலாவது. 1821-இல் வெளியான ‘வைக்கோல் வண்டி’யின் பின்னணியிலுள்ள பிளாட்பர்ட் ஆற்றங்கரை வீட்டை அவர் பல ஆண்டுகளாக வரைந்து பழகியிருந்தும், வண்டியின் அமைப்பில் ஐயம் நேர்ந்தபோது, ஊரிலிருந்த இளைய டன்தார்ன் என்ற நண்பரைக்கொண்டு ஒரு வண்டியை வரைந்து அனுப்பச் செய்தார். சித்திரசாலையில் உட்கார்ந்திருந்தாலும் கற்பனையால் ஒரு சக்கரத்தைக்கூட உருட்டிவிட அவர் மனம் ஒப்பவில்லை. எனினும் அவர் வெறும் பிரதி செய்பவருமல்லர். ‘பாயும் குதிரை’ 1825-இல் காட்சிசாலையிலிருந்து திரும்பி வந்தபின், குதிரையருகே நின்ற பழைய வில்லோ மரத்தின் அடித்தண்டு படத்தின் ஓட்டத்தைத் தடுப்பதாக உணர்ந்து அதை அகற்றிவிட்டார்.

1824-இல் பாரிஸ் சலோன் காட்சியில் ‘வைக்கோல் வண்டி’ தங்கப்பதக்கம் பெற்றது. அதன் பசுமையில் பல நிறச்சாயல்கள் கலந்து துலங்கியதைக் கண்டு பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தமது ‘கியோஸ் படுகொலை’யைத் திருத்தியமைத்தார் என்பர். தாயகத்திலோ, ஈரத்தில் மின்னும் ஒளியைக் காட்ட அவர் தெளித்த வெண்புள்ளிகளைக் கண்டனக்காரர்கள் பனி விழுந்ததென்று பரிகசித்தார்கள். அகாதமியின் முழு அங்கத்தினராவதற்கு 1829 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

வர்ணம் அடைக்கும் உலோகக் குழாய்க்கு 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் உரிமைப் பட்டயம் பெற்றபோது கான்ஸ்டபிள் மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. பன்றியின் சிறுநீர்ப்பையில் வர்ணத்தைக் கட்டிச் சுமக்கும் தொல்லை அதன்பின் ஒழிந்தது. பிரான்ஸில் பார்பிசோன் ஓவியருள் சிலரும், மோனே முதலியோரும் வெளியில் தொடங்கிய படத்தை வெளியிலேயே வளர்க்கவும் தலைப்பட்டனர். அந்தப் பழக்கத்தில் ஊறிய இக்காலத்து ரசிகர்கள் கான்ஸ்டபிளின் முன்வரைவுகளை முடிவான படங்களுக்குமேல் வைத்துப் புகழ்கிறார்கள். முன்வரைவின் வேகம் அற்புதமானதுதான். ஆனால் அவற்றை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை என்பதையும், நீரின் அடியும் இலையின் விளிம்பும் தெளிந்து நிற்பது முடிந்த படத்திலேயே என்பதையும் மறப்பது நியாயமன்று.

‘வைக்கோல் வண்டி’யை ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் 1886-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தார், அதன் முழு அளவு முன்வரைவு 1900-இல் அவருடைய உயிலின்படி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஓவியரின் புதல்வி இசபெல் 1888-இல் வழங்கிய ஏராளமான குறிப்புச் சித்திரங்களும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளன.